நிலத்தடி நீரியல் படித்தால் குமரி மாவட்டத்தில் என்ன வேலை?

அருமனையிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகள் பி.எஸ்சி. புவியியல் (ஜியாலஜி) முடிக்கப்போகிறாள், அடுத்து நிலத்தடி நீரியல் படித்து அதிலேயே நிலைக்க வேண்டும் என்கிறாள். "நம் மாவட்டத்தில் எங்கே தோண்டினாலும் தண்ணீர். வராத இடத்துக்கு நீரோட்டம் பார்க்கிறவர் இருக்கிறார். இதற்கு ஒரு எம்.எஸ்சி. எதற்கு? இதில் யாராவது பேர் வாங்கியிருக்கிறார்களா?" என்பது அவர் கேள்வி. வீட்டுக் கிணறு மார்ச் மாதத்தில் அடி தெரிகிறது, போர் போடலாமா என்று கடைசியில் ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்.

வேலை கிடைக்குமா என்பது மட்டும் இதில் கேள்வி இல்லை என்று நினைக்கிறேன். கிராமத்தில் ஒருவர் கவட்டைக் குச்சியை வைத்துக்கொண்டு செய்வதைத்தான் மகள் பட்டம் வாங்கிச் செய்யப்போகிறாளா என்ற சந்தேகம் அடியில் இருக்கிறது. நான் அரசுத் துறையில் நிலத்தடி நீர் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் கடினப்பாறைப் பகுதிகளில் வேலை செய்தேன். கணினியில் மாதிரி அமைத்துக் கணிப்பவர்களின் உலகத்தை வெளியில் நின்று பார்த்தவன் என்பதால் அதைப் பற்றி அதிகம் பேச மாட்டேன்.

முதலில் "எங்கே தோண்டினாலும் தண்ணீர்" என்பதை எடுத்துக்கொள்வோம். விளவங்கோடு, கல்குளம் பக்கத்தில் இது ஓரளவு உண்மை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அங்கே பெய்கின்றன. மேலே லேட்டரைட் எனப்படும் செம்புரைக்கல், அதன் கீழே சிதைந்து உதிரும் பாறை, அதற்கும் கீழே சார்னோக்கைட், கோண்டலைட் போன்ற கெட்டிப் பாறை. தண்ணீர் பெரும்பாலும் அந்த மேல் இரண்டு அடுக்குகளில் நிற்கிறது. கிழக்கே ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் போனால் மழையும் குறைவு, கதையும் வேறு.

ஆனால் தண்ணீர் இருக்கிறது என்பதும் நிறைய இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. நீர் நிறைந்த மண்ணையோ பாறையையோ வடியவிட்டால் அதன் கன அளவில் எவ்வளவு பங்கு தண்ணீர் வெளியே வரும் என்று ஒரு கணக்கு உண்டு. இந்தியாவில் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக்கு வைத்திருக்கும் வழிகாட்டு அளவுகளின்படி ஆற்று மணலுக்கு அது நூற்றுக்கு 16. செம்புரைக்கல்லுக்கு 2.5. களிமண் கலந்த சிதைந்த பாறைக்கு வெறும் 1.5. உங்கள் தோட்டம் ஒரு ஏக்கர், கிணற்றில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடியில் இருப்பது ஆற்று மணலாக இருந்தால் அந்த ஒரு மீட்டரில் ஏறக்குறைய ஆறரை லட்சம் லிட்டர் கிடைத்திருக்கும். செம்புரைக்கல்லில் ஒரு லட்சம். சிதைந்த பாறையில் அறுபதாயிரம், அதாவது பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரி ஐந்து. பெரிய குடத்துத் தண்ணீரைச் சின்னச் சொம்பில் ஊற்றுகிற நிலைதான் நம் மேற்குப் பகுதிக்கு. ஐந்து சென்டிமீட்டர் மழைநீர் உள்ளே இறங்கினால் செம்புரைக்கல்லில் நீர்மட்டம் இரண்டு மீட்டர் ஏறிவிடும். ஜூன் மாதத்தில் கிணறு நிரம்பித் தளும்புவதும் மார்ச்சில் அடி தெரிவதும் இதே காரணத்தால்தான். மீதி மழை ஓடையில் இறங்கிக் குழித்துறை ஆறாகத் தேங்காய்ப்பட்டணத்தில் கடலுக்குப் போய்விடுகிறது.

இத்தனை சிறிய சேமிப்பு இவ்வளவு காலம் போதுமானதாக இருந்ததற்கு மேலே இருந்த ஏற்பாடுகள் ஒரு காரணம். 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை, பின்னால் வந்த பெருஞ்சாணி, சிற்றாறு அணைகள், அவற்றிலிருந்து பிரியும் சானல்கள், ஊருக்கு ஊர் குளங்கள், நாஞ்சில் நாட்டு வயல்கள். சானலில் ஓடும் தண்ணீர் கரையோரக் கிணறுகளுக்கு ஊறுகிறது. தண்ணீர் நிற்கும் வயல் கீழே இருக்கும் கிணற்றுக்குக் கொடுக்கிறது. வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் அணையைத் திறந்து பிப்ரவரி இறுதியில் அடைப்பார்கள். உங்கள் வீடு சானலுக்கு அருகில் இருந்தால் மார்ச் மாத வறட்சிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன், அளந்து பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. வயல் வாழைத் தோட்டமாகி, பிறகு வீட்டு மனையாகி, குளத்தின் ஓரம் மண் விழுந்து சாலை அகலமான இடங்களில் கிணறுகளின் போக்கு மாறியிருப்பதை ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் சரி. எவ்வளவு மாறியது, எதனால் எத்தனை பங்கு மாறியது என்று பிரித்துச் சொல்லத்தான் படித்தவர் வேண்டியிருக்கிறது. மலைப்பக்கத்துக் கல்குவாரிகளையும் இதில் சேர்க்க வேண்டும். குழியில் ஊறும் நீரை இறைத்துக்கொண்டே பாறையை வெட்டும்போது பக்கத்துக் கிணறு பாதிக்கப்படுமா என்ற வழக்கு வந்தால், இரண்டு தரப்புக்கும் நடுவில் நிற்கக்கூடிய ஒரே பொருள் அளவீட்டு ஏடு. அது பெரும்பாலான ஊர்களில் இருப்பதில்லை.

கடற்கரையில் கணக்கு இன்னும் நுட்பமானது. கடல்நீர் நன்னீரைவிடச் சிறிது கனமானது என்பதால் மணலுக்கு அடியில் நன்னீர் அதன் மேல் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீட்டர் உயர்ந்து நின்றால் கீழே ஏறக்குறைய நாற்பது மீட்டர் வரை நன்னீர் இருக்கும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் நெதர்லாந்தின் கைபனும், சற்றுப் பின்னால் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் தனித்தனியே கண்டார்கள். திருப்பிப் பார்த்தால் பயமாக இருக்கும்: மேலே அரை மீட்டர் இறைத்துக் குறைத்தால் கீழே உப்பு இருபது மீட்டர் ஏறி வர வழி உண்டு. இது தண்ணீர் அசையாமல் நிற்பதாக வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் உப்பு மெதுவாக ஏறும், எல்லை கோடாக இல்லாமல் கலங்கலாக இருக்கும். ஆனால் திசை தவறாது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் மேலே வந்து கடலோரக் கிணறுகளில் உப்பைக் கொட்டியது எல்லோருக்கும் தெரிந்தது, மழை பெய்யப் பெய்ய அது கழுவப்படும். அளவுக்கு மேல் இறைத்து அடியிலிருந்து வரவழைத்த உப்பு அவ்வளவு எளிதில் போகாது. ராஜாக்கமங்கலம், மணக்குடிப் பக்கம் ஆழமாகப் போர் போடத் துடிப்பவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

இனி நீரோட்டம் பார்ப்பவர். அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது என்று நீங்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அருமனைப் பள்ளத்தாக்கில் நானும் நீங்களும் கண்ணை மூடிக்கொண்டு காட்டினாலும் தண்ணீர் வரும். வெற்றி நிலத்தினுடையது, குச்சியினுடையது அல்ல. தேங்காய் உள்ளங்கையில் நிமிர்வதற்கும் நீர் ஓட்டத்துக்கும் தொடர்பு இருப்பதாக முறையான சோதனை எதுவும் நிலைநாட்டவில்லை. அதே சமயம் பல ஊர்களில் அந்த மனிதர் மேடு பள்ளம், மரம், பக்கத்துக் கிணறுகளின் வரலாறு எல்லாவற்றையும் நன்றாக அறிந்தவராக இருப்பார். குச்சியை எடுத்துவிட்டால் பாதி புவியியலாளர். அந்த ஊர் அறிவை நான் மதிக்கிறேன்.

எங்கள் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். தரையில் நான்கு முளைகளை அடித்து மின்சாரம் செலுத்தி மின்தடை பார்க்கும் ஆய்வில், சிதைந்த பாறை எவ்வளவு ஆழம் வரை போகிறது, கெட்டிப் பாறை எங்கே தொடங்குகிறது என்பதை நம்பிக்கையோடு சொல்லலாம். முந்நூறு அடிக்குக் கீழே ஒரு விரல் அகல வெடிப்பு இருக்கிறதா என்பதை அதே கருவியால் சொல்ல முடியாது. களிமண்ணும் உப்புநீரும் கருவிக்கு ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். ஆகவே "இங்கே போட்டால் இரண்டு இஞ்சு தண்ணீர் உறுதி" என்று எழுதிக் கொடுக்கும் புவியியலாளரை, பட்டம் எத்தனை இருந்தாலும், நம்பாதீர்கள். வாய்ப்பு அதிகம், குறைவு என்று சொல்பவரே ஒழுங்கானவர். போர் போட்டு வெறும் புகை வந்தால் ஊர் அவரைத் திட்டும், அதுவும் இந்த வேலையின் ஒரு பகுதி.

பேர் வாங்கியவர் யார் என்று கேட்டீர்கள். ஆஸ்கர் மெய்ன்சரை உங்கள் மகள் முதல் பருவத்திலேயே சந்திப்பாள். 1876-ல் பிறந்த அமெரிக்கர், 1906-ல் அந்நாட்டுப் புவியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அதன் நிலத்தடி நீர்ப் பிரிவுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் தலைவராக இருந்து 1946-ல் ஓய்வு பெற்றார். 1917-ல் அந்த ஆய்வகம் குச்சி வைத்து நீர் பார்ப்பதன் வரலாற்றை ஒரு தனி நூலாகவே வெளியிட்டது. ஆர்தர் எல்லிஸ் எழுதியது. பொதுமக்களிடமிருந்து ஓயாமல் இதே கேள்வி வந்துகொண்டிருந்ததுதான் காரணம். முன்னுரையில் மெய்ன்சர், இனியும் இதற்கு அரசு சோதனை நடத்துவது பொதுப்பணத்தைத் தவறாகச் செலவிடுவது என்று ஒளிவுமறைவின்றி எழுதினார். நீங்கள் இன்று கேட்கும் கேள்வியைத்தான் அவரும் நூறு ஆண்டுக்கு முன்னால் எதிர்கொண்டார். ஆனால் அவர் பெயர் நிலைத்தது அதனால் அல்ல.

1923-ல் அவர் இரண்டு நூல்களை வெளியிட்டார். ஒன்று நிலத்தடி நீர் எப்படி எங்கே நிற்கிறது என்பதன் அடிப்படைகள். மற்றொன்று முழுக்க முழுக்கக் கலைச்சொற்களும் அவற்றின் வரையறைகளும். அதுவரை ஆளுக்கு ஒரு சொல்லாகப் பேசிக்கொண்டிருந்த துறை ஒரே மொழியில் பேசத் தொடங்கியது. பாலைநிலத்தில் எந்தச் செடி வளர்ந்தால் கீழே நீர்மட்டம் அருகில் இருக்கும் என்று 1927-ல் எழுதினார். நம் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் மரத்தையும் புற்றையும் வைத்து நீர் சொன்னதை நினைவுபடுத்தும் முயற்சி. எல்லாமே பச்சையாக இருக்கும் குலசேகரத்தில் இரண்டு பேரின் முறையும் பலிக்காது என்பது வேறு விஷயம். அடுத்த ஆண்டே, அழுத்தத்தில் இருக்கும் நீர்த்தாங்கி, அதாவது நீரைத் தேக்கி வைத்திருக்கும் நிலத்தடி அடுக்கு, இறைக்கும்போது சிறிது அமுங்கித் தன்னுள் இருக்கும் நீரைக் கொடுக்கிறது என்று காட்டினார். இவற்றைவிடவும் பெரிது என்று நான் எண்ணுவது, மாநிலங்களோடு சேர்ந்து கண்காணிப்புக் கிணறுகளை ஏற்படுத்தி, ஆட்களைப் பயிற்றுவித்து, ஆண்டுக்கணக்கில் நீர்மட்டத்தை எழுத வைத்தது. தலைமை என்பதற்கு இந்தத் துறையில் இதுதான் பொருள். மேடைப் பேச்சில் நீர்மட்டம் தெரியாது.

அவருடைய பிரிவில் நியூ மெக்சிகோவில் வேலை செய்தவர் சார்ல்ஸ் தைஸ். கிணற்றில் இறைக்கும்போது சுற்றியுள்ள நீர்மட்டம் நேரம் போகப் போக எப்படி இறங்கும் என்பது அன்று விடை தெரியாத கணக்கு. வெப்பம் கடத்தும் கணக்கோடு இதற்கு ஒற்றுமை இருப்பதைத் தைஸ் கண்டார். கணித நண்பர் ஒருவரின் உதவியோடு 1935-ல் அந்தச் சமன்பாட்டை வெளியிட்டார். துறையில் உடனே எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1940-ல் ஜேக்கப் என்ற ஆய்வாளர் அதையே நீரியக்க விதிகளிலிருந்து வருவித்துக் காட்டிய பிறகுதான் வேரூன்றியது. இன்று நம் ஊரில் யாராவது ஆழ்துளைக் கிணற்றில் முறையாக இறைப்புச் சோதனை செய்தால், அந்தக் கணக்குக்குக் கீழே இருப்பது தைஸ்தான். அதே 1940-ல் அவர் எழுதிய சிறு கட்டுரை ஒன்றை ஒவ்வொரு பஞ்சாயத்துத் தலைவரும் படிக்க வேண்டும் என்பேன். கிணற்றிலிருந்து வரும் தண்ணீர் மூன்று இடங்களிலிருந்துதான் வர முடியும் என்கிறார்: நிலத்தின் சேமிப்பு குறைய வேண்டும், அல்லது உள்ளே இறங்கும் நீர் கூட வேண்டும், அல்லது இயல்பாக வெளியேறிக்கொண்டிருந்த நீர் குறைய வேண்டும். நான்காவது வழி இல்லை. பழையாற்றங்கரையில் பத்துப் போர் புதிதாக ஓடினால், ஆற்றுக்கு ஊறி வந்துகொண்டிருந்த நீரில் அது என்றோ ஒரு நாள் கைவைத்தே தீரும். எப்போது, எவ்வளவு என்பது ஆய்வுக்குரியது. கைவைக்கும் என்பதில் ஐயமே இல்லை.

நம் நாட்டில் 1954-ல் ஆய்வுக் குழாய்க்கிணறு அமைப்பாகத் தொடங்கியதே 1970-ல் மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆனது. 1972-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலத்தடி நீர்ப் பிரிவும் அதில் இணைந்தது. 1958-ல் இந்தியப் புவியியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான பி.பி. ராதாகிருஷ்ணா, கர்நாடகத்தின் கடினப்பாறை நிலத்தடி நீருக்காக விடாமல் எழுதியவர். வாரியம் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் என ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் எடுக்கிறது. மாநிலத்தின் நிலத்தடி மற்றும் மேற்பரப்பு நீர்வள விவரக் குறிப்பு மையம் மாதந்தோறும் எடுக்கிறது. ஊட்டத்தில், அதாவது ஆண்டுதோறும் நிலத்துக்குள் இறங்கிச் சேரும் நீரில், 70 விழுக்காட்டுக்குள் எடுத்தால் பாதுகாப்பான பகுதி, 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வுப் பகுதி என்று வகைப்படுத்துவது இந்த ஏடுகளை வைத்துத்தான். ஆனால் அந்த வகைப்பாடு பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பகுதியான ஒரு ஃபிர்கா முழுவதற்குமான சராசரி. ஃபிர்கா பாதுகாப்பானது என்பதால் உங்கள் தெருக் கிணறு வற்றாது என்று பொருளல்ல. தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்கென 2003-ல் ஒரு சட்டம் இயற்றி 2013-ல் நீக்கிவிட்டார்கள். சட்டம் இல்லாத இடத்தில் அளவீடாவது இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மகளின் வழிக்கு வருகிறேன். மத்திய வாரியத்துக்கு யூ.பி.எஸ்.சி. நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வுதான் வாசல். புவியியலிலோ நிலத்தடி நீரியலிலோ முதுகலை வேண்டும், முதன்மைத் தேர்வில் நிலத்தடி நீரியலுக்கென ஒரு தாள் தனியாக உண்டு. இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும், அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். மாநிலத்தில் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவிப் புவியியலாளர் பணிகள் வருகின்றன. குடிநீர் வடிகால் வாரியத்திலும் வேளாண் பொறியியல் துறையிலும் இதே வேலை இருக்கிறது. தனியாரில் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை தயாரிக்கும் நிறுவனங்கள் எடுக்கின்றன. அங்கே வாடிக்கையாளருக்குப் பிடித்த முடிவை எழுதச் சொல்லும் நெருக்கடி இருக்கும், அதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும். படிப்புக்குச் சென்னை, சிதம்பரம், சேலம் என்று போகலாம். அருமனைக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் அருகில். காரியவட்டத்தில் கேரளப் பல்கலைக்கழகம், ஆக்குளத்தில் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம். செம்புரைக்கல் நிலத்தின் கிணறுகளை அறிந்தவர்கள் அங்கேதான் அதிகம்.

நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி ஒன்று, பெண்பிள்ளை களத்தில் திரிவாளா என்பது. போர் வண்டி பெரும்பாலும் இரவிலும் ஓடும், களத்தில் கழிவறை இருக்காது, ஓட்டுபவர்கள் முதலில் அவள் பேச்சைக் கேட்க மாட்டார்கள். இவையெல்லாம் உண்மை. என்னோடு பணியாற்றிய பெண்கள் இவற்றைத் தாண்டி நன்றாகவே வேலை செய்தார்கள். வீட்டுக் கிணற்றைப் பற்றிப் பெண்களிடம் கேட்டறிவதில் எங்களைவிடத் துல்லியமாகவும் இருந்தார்கள். எந்த மாதம் கயிறு எத்தனை முழம் இறங்கும் என்பது இறைத்தவருக்குத்தானே தெரியும்.

இப்போது உங்கள் கிணறு. போர் வண்டியை அழைக்கும் முன் மகளிடம் ஒரு டேப்பைக் கொடுங்கள். கைப்பிடிச் சுவரில் மாறாத ஒரு குறி வைத்து, அங்கிருந்து நீர்மட்டம் வரை வாரம் ஒரு முறை, மோட்டார் போடுவதற்கு முன் காலையில் அளந்து தேதியோடு எழுதட்டும். அன்றைய மழையையும் சானலில் தண்ணீர் ஓடுகிறதா என்பதையும் பக்கத்திலேயே குறிக்கட்டும். பிப்ரவரியில் ஒரு நாள் நன்றாக இறைத்துவிட்டு, கால் மணிக்கு ஒரு முறை எவ்வளவு ஊறி ஏறுகிறது என்று பார்க்கட்டும். கிணற்றின் அடி இன்னும் உதிரும் பாறையில் இருந்தால் சில அடி ஆழப்படுத்தி உறை இறக்குவதே பெரும்பாலும் போதும், செலவும் குறைவு. அடி ஏற்கெனவே கெட்டிப் பாறையில் தட்டியிருந்து, ஊற்றும் மந்தமாக இருந்தால் மட்டுமே போரைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் மேல் அடுக்கை அடைக்கும் அளவுக்குக் கேசிங் குழாய் இறக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் அந்தப் போர் உங்கள் கிணற்றுத் தண்ணீரையும் பக்கத்து வீட்டுக்காரர் கிணற்றுத் தண்ணீரையுமே உறிஞ்சிக்கொண்டிருக்கும். அளவுகளை எடுத்த பிறகு இங்கேயே பதியுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.